நாலாவது கை

நெய்வேலி,
8.6.2025

பாரிஸ் மாநகரத்து அத்தைக்கு,

உலக மக்களின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் குவார்ட்டர்ஸ் கொய்யா மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பூனை, அடியேன் நிலவனின் அரிய முயற்சியால் இன்று பத்திரமாகத் தரையிறக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. கொய்யாச்சேதம் உண்டு.

இனி சில்லறைச் செய்திகள். என் கூட்டாளி பிரவின்குமார் வீட்டு விலாசத்துக்கு நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. போன் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் யார் போன் அடித்தாலும் அப்பாதான் எடுப்பார்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இது. இத்தனை வருஷம் நீங்கள் தைத்ததையெல்லாம் அங்கே ஒரு மியூசியத்தில் வைக்கப்போகிறார்கள். முதல் அறை மட்டும் காலி. அங்கே நீங்கள் முதன்முதலில் தைத்த நாலு கைச் சட்டை வேண்டும். அது உங்கள் அண்ணன், அதாவது என் அப்பா நெடுமாறன் வசம். அவரிடம் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை.

உங்கள் துணிகளை நெட்டில் பார்த்தோம். வெளியே பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளாகவும் உள்ளே சுளை நிறத்தில் பட்டும் வைத்த கோட்டைக் காட்டினேன். அம்மா, "இதப் போட்டுகினு பஸ்ல எப்படிடா ஒக்காருவாங்க?" என்றாள். கவுனுக்குப் பின்னால், மைன்ஸில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் மாதிரி ஹால் முழுக்க ஓடும் முந்தானை எனக்குப் பிடித்தது. மைன்ஸைப் பாரிஸுக்கே கடத்திவிட்டீர்கள்.

அப்பாவிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "அப்பா, நாலு கை சாமிக்கெல்லாம் யாருப்பா சட்டை தைப்பாங்க?"

அவர் பேப்பரை மடித்தார். "அத எப்பவோ எரிச்சாச்சு. போய்ப் படி."

நம்பாதீர்கள். கண்டுபிடிக்கிறேன். பேர்தான் நிலவன், அமாவாசையிலும் வேலை செய்வேன். அது சரி, ஏன் அத்தை நாலு கை?

இப்படிக்கு,
மூளை ஒன்றே உள்ள
நிலவன்


பாரிஸ்,
28.6.2025

அன்புள்ள மருமகனுக்கு,

பூனை நலமறிந்து மகிழ்ச்சி.

ஏன் நாலு கை? அப்போது அண்ணன் பகலில் பண்ருட்டியில் முந்திரி மூட்டைக்கு வாய் தைப்பான், சாயங்காலம் லாரியில் லோடு ஏற்றுவான். ஒருநாள் கனவில் அவனுக்கு இன்னொரு ஜோடி கை முளைத்திருந்தது. ஒரு ஜோடி மூட்டை தூக்கியது. மற்றது உட்கார்ந்து நிதானமாகச் சோறு பிசைந்தது. இங்கே இப்படிக் கனவில் வருவதை விழித்தபின்னும் விடாமல் செய்வதற்குக் கலை என்று பெயர். நம் வூட்டில் அதற்கு வேறு பெயர்.

அந்த வாரம்தான் அவனுக்கு மைன்ஸ் கான்ட்ராக்டில் இடம் கிடைத்து இரண்டு காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள். இரண்டையும் வெட்டி ஒன்றாகத் தைத்தேன். பார்த்தால் சிரிப்பான் என்று நினைத்தேன்.

மறுநாள் அவனுக்கு முதல் ஷிஃப்ட். யூனிஃபார்ம் இல்லாமல் கேட்டில் போய் நின்றான். மேஸ்திரி அவன் இடத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டார். திரும்பி வந்து சட்டையில் ஒரு கையைப் பிய்த்தான். "உனுக்கு வெளாட்டு. எனுக்கு அதான் சோறு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. மறுபடி உள்ளே நுழைய அவனுக்குப் பல வருஷம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன்.

நான் அன்றே பஸ் ஏறிவிட்டேன். பண்ருட்டியில் ஒரு தையல்கடை, பிறகு பாண்டிச்சேரி, அங்கே ஒரு பிரெஞ்சு அம்மாள், பிறகு இந்த ஊர். இங்கே வந்து தைத்ததெல்லாம் அந்த ஒரு சட்டையின் மறு தையல்தான். அதனால்தான் முதல் அறையில் வேறெதையும் வைக்க மனம் வரவில்லை.

இருந்தால் அனுப்பு. அவன் கையால் வந்தால் அது வேறு. அந்த அளவுக்கு நான் ஆசைப்படவில்லை.

அன்புடன்,
பொற்கொடி அத்தை


நெய்வேலி,
20.7.2025

அத்தைக்கு,

வெற்றி! வெற்றி! எரிந்ததாகச் சொல்லப்பட்ட சட்டை, பரணில் பொங்கல் பானைகளுக்குப் பின்னால், சர்க்கரைச் சாக்குக்குள் உயிரோடு பிடிபட்டது. பிய்ந்த கையும் அதே சாக்கில் இருந்தது. உடனே பார்சல் செய்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்போ பின்போ வந்து சேரும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம். நானும் பிரவின்குமாரும் ஒரே சட்டைக்குள் புகுந்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம். காய்கறி விற்கும் செவ்வந்தி அக்கா, "இன்னாடா இது, ஒரே சாக்குல ரெண்டு கழுதைங்க!" என்றார். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். எங்களுக்குத்தான் நாலு கை இருந்ததே, எல்லாருக்கும் டாட்டா காட்டினோம்.

பிய்ந்த கையை நானே என் கையால் தைத்து ஒட்டினேன். கலை நம் குடும்ப ரத்தத்தில் ஓடுகிறது அத்தை. அப்பா அன்று செகண்ட் ஷிஃப்ட். ஒரு துளி சந்தேகம் இல்லை. கையும் களவுமாகப் பிடிப்பதற்குக் களவு நடந்ததே தெரிய வேண்டுமே!

இப்படிக்கு,
கைதேர்ந்த
நிலவன்


பாரிஸ்,
30.8.2025

மருமகனுக்கு,

சட்டை வந்தது. மேஜையில் விரித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடியாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது கையை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்திருக்கிறாய். காக்கியில் தடித்த வெள்ளை நூல். மியூசியத்து அம்மாள் அதைப் பிரிக்கவே விடவில்லை. இந்தச் சட்டையிலேயே அந்தக் கைதான் பிரமாதம் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

தைத்தவர் பெயரைப் பலகையில் போட வேண்டுமாம். பொற்கொடி, நிலவன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்டோபரில் அச்சுக்குப் போகும். பிளஸ் டூ முடித்ததும் நீ இங்கே என் பட்டறைக்கு வா. மற்ற ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டே சந்தேகம். மூன்று கை காக்கியாக இருக்க, நாலாவது ஏன் வெளுத்துக் கிடக்கிறது? எல்லாம் ஒரே சாக்கில் இருந்தவைதானே? அப்புறம், தையலுக்குத் தையல் இரட்டை முடிச்சு. அது மூட்டை வாய் தைக்கிறவர்கள் போடுவது. உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அன்புடன்,
அத்தை


நெய்வேலி,
14.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, முதலில் பிரவின்குமாரிடம் பாரிஸ் போகப்போவதாகப் பீற்றிக்கொண்டேன். பிறகு உங்கள் இரண்டு சந்தேகங்களையும் மறுபடி படித்தேன்.

அப்பாவுக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட் இல்லை. வேறு ஆளோடு மாற்றிக்கொண்டுவிட்டார். சந்தையில் எதிரிலேயே வந்து நின்றார். பிரவின்குமார் ஓடினான். ஒரே சட்டை என்பதால் நானும் ஓட வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் தக்காளிக் கூடை பக்கத்தில் விழுந்தோம். அப்பா என்னைத் தூக்கவில்லை. சட்டையைக் கழற்றித் தூசி தட்டினார்.

"யாரு கேட்டது?"

"அத்தை."

சட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வந்ததும், "இதுல மூணு கைதான் இருக்கு. இன்னொண்ணு லாக்கர்ல கெடக்குது" என்றார்.

சாக்கில் இல்லை அத்தை. மைன்ஸ் லாக்கரில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை நனைத்துத்தான் தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைக்கிறாராம். தண்ணீர் ஜில்லென்று இருக்குமாம். வெளுத்தது அப்படித்தான்.

மறுநாள் கொண்டுவந்து, கோணி ஊசியோடு சமையல்கட்டில் உட்கார்ந்து அவரே தைத்தார். அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, உள்பக்கம் வெளிய இருக்குதுங்க" என்றாள். "பிரிச்சா துணி தாங்காது, வுடு" என்றார். பார்சலைக் கட்டியதும் அவர்தான். "எம் பேரச் சொல்லாத" என்றார். அவர் பெயரைச் சொல்லாதது அவருக்காக. என் பெயரைச் சொன்னது முழுக்க எனக்காக.

பலகையில் என் பெயரை எடுத்துவிட்டு நெடுமாறன் என்று போட்டுவிடுங்கள். பட்டறையையும் வேறு யாருக்காவது கொடுங்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. என் சட்டைப் பித்தான்களெல்லாம் அம்மா தைத்தவை.

தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பார்சல் போய்ச் சேந்துச்சாமா?" என்று கேட்பார். சேர்ந்துவிட்டது என்று சொன்னதிலிருந்து கேள்வி மாறிவிட்டது. "கை நிக்குதாமா?" என்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டி வைக்கிறேன். இதற்கு நீங்களே போனில் பதில் சொல்லிவிட்டால் நல்லது. எப்படியும் அவர்தான் எடுப்பார்.

இப்படிக்கு,
கையாலாகாத
நிலவன்

பி.கு.: ஜூன் மாதம் பூனையை இறக்கியதும் நான் இல்லை. அப்பாதான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.