நலம் என்று காட்டும் பெட்டி

செப்பெலாரே
நவம்பர் 27, புதன்கிழமை

என் ரூமென்ச்சோ, கண்ணு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை இனி யோசித்துத்தான் எழுத வேண்டும்.

போன சனிக்கிழமை நீ இறந்த நாற்பதாம் நாள். கோதுமை அவித்துச் சர்க்கரை தூவிக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். உன் படம் போட்ட இரங்கல் தாளை வாசற்கதவில் புதிதாக ஒட்டினேன். பழையது மழையில் ஊறிப்போயிருந்தது. அப்பாவால் கல்லறை வரைக்கும் வர முடியவில்லை. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் கவலையெல்லாம் வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். மின்கம்பி மாற்றுகிறார்களாம், காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை மின்சாரம் கிடையாதென்று கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாலு மணி நேரம், ரூமென். உன் அப்பாவுக்கு மூச்சு கொடுக்கிற இயந்திரம் அந்த நாலு மணி நேரமும் கட்டிலுக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியை நம்பித்தான் ஓட வேண்டும். பெட்டி முகத்தில் எப்போதும்போல் பச்சையாக 'நலம்' என்று எரிகிறது.

மார்ச்சிலும் அப்படித்தான் எரிந்தது, நினைவிருக்கிறதா? மின்சாரம் போய்ப் பதினோரு நிமிடத்தில் பெட்டி செத்தது. அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. மின்சாரம் தானாகத் திரும்பி வந்ததால் பிழைத்தார். நான் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். நலம்னு போட்டிருக்கே, எது நலம்னு கேட்டேன். பெட்டியின் அடியிலிருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னாய். பிறகு, "அந்தப் பேரை வச்சவனே நான்தாம்மா" என்றாய்.

அன்று நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் சில்லில் எட்டுக் குட்டிக் கொடிகள். ஒவ்வொன்றும் ஏறியிருக்கும், இல்லை இறங்கியிருக்கும். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கர்னல் அந்தக் கொடிகளைப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு பெயர் சொல்லி மேலே இருக்கும் நிரல்களுக்குத் தெரிவிக்கும். மூன்றாம் கொடி ஏறினால், சில்லு பேட்டரியைச் சோதித்து முடித்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். பேட்டரி நல்லதா கெட்டதா என்பதை ஐந்தாம் கொடிதான் சொல்லும். இருபத்து மூன்று வயதில், அந்தச் சில்லுக்காகக் கர்னலில் ஒரு பகுதியை எழுதிய அவசரத்தில், நீ மூன்றாம் கொடிக்கு 'நலம்' என்று பெயர் வைத்துவிட்டாய். ஐந்தாவதுக்குப் பெயரே வைக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்துச் சலவையறையில் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். அங்கே மூட்டைக்கு மூன்று சீட்டு கட்டுவோம்: எண்ணியது, துவைத்தது, கொதிக்க வைத்தது. ஒரு புதுப் பெண் எல்லாவற்றுக்கும் 'ஆச்சு' என்று ஒரே சீட்டைக் கட்டினாள். காசநோய்க்காரன் படுத்த விரிப்பு கொதிக்காமலே வேறொருவன் கட்டிலுக்குப் போயிற்று. செய்த வேலையின் பெயரைக் கட்டு, நீ ஆசைப்படுவதைக் கட்டாதே என்று அவளை வைதேன். இதை உன்னிடம் சொன்னபோது சிரிப்பாய் என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்டு எழுதிக்கொண்டாய்.

உன் சிநேகிதன் தெசிஸ்லாவ் சனிக்கிழமை வந்தான். நீ குடியிருந்த பிலோவ்திவிலிருந்து உன் சாமான்களும் கொண்டுவந்தான். அந்தப் பெயரைச் சரிசெய்ய நீ எழுதி அனுப்பியிருந்த திருத்தம் ஏழு மாதமாக விவாதத்தில் கிடந்ததாம். கர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான, லிஸ்பனில் இருக்கும் ஒரு அம்மாள், 'நலம்' என்ற பெயரை எடுக்கவே கூடாது என்றுவிட்டாளாம். ஒருமுறை வெளியே விட்ட பெயரை நம்பி எங்கெங்கோ நிரல்கள் ஓடுகின்றன, எடுத்தால் அவை விழுந்துவிடும், வேண்டுமானால் பக்கத்தில் சரியான பெயர்களைச் சேர் என்றாளாம். நீ அப்படியே மாற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாயாம். அதை அனுப்பத்தான் உனக்கு நாள் இல்லாமல் போயிற்று.

செத்தவன் கையெழுத்து செல்லுமாடா என்று கேட்டேன். "அவன் போட்டது போட்டதுதான் அத்தை. அதுக்குக் கீழ நான் ஒண்ணு போடுறேன்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, குறையை முதலில் சொன்னவர் பெயரையும் அடியில் எழுதுவது அவர்கள் வழக்கம், அந்த வரியில் நீ என் பெயரை எழுதியிருக்கிறாய், எனக்குச் சம்மதமா என்று கேட்டான். அப்பா குழாயோடு இருமிக்கொண்டே, "நாப்பது வருஷமா என்கிட்ட குறை சொன்னா. பத்தலைன்னு இப்ப உலகத்துக்கே சொல்லப் போறாளா?" என்றார். நீ போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். நான் சம்மதம் என்றேன்.

அவன் உன் திருத்தத்தை முதலில் நம் பெட்டியில் ஏற்றினான். 'நலம்' அப்படியே இருக்கிறது. அதன் கீழே இப்போது இரண்டு வரிகள்.

சோதனை முடிந்தது: ஆம்.
பேட்டரி தாங்கும்: இல்லை.

மார்ச்சில் செத்ததற்குப் பதிலாக ஏப்ரலில் நீ வாங்கிப் போட்ட பேட்டரிதான். யாரோ பழையதைப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். இத்தனை மாதமும் பச்சை எழுத்தைப் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.  ஆனாலும் ரூமென், உன் திருத்தம் வந்திராவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆகியிருக்கும்?

தெசிஸ்லாவ் நாளை வேறு பேட்டரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மலைப்பாதையில் இப்போதே பனி கொட்டுகிறது. அவன் வராவிட்டால் அப்பாவைச் சானடோரியத்துக்கே கொண்டுபோவேன். சலவையறையில் என்னோடு வேலை பார்த்த ஸ்தானா ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அவரைக் காப்பாற்றிவிடுவேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. நீ இருக்கிற இடத்தில் உனக்கு வெளிச்சம் இருக்கட்டும்.

உன் அம்மா,
நெத்யால்கா

எழுதாமல் முடித்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. உன் கோட்டுப் பையில் மாத்திரை அட்டையும், இதய மருத்துவரின் சீட்டும் இருந்தன. ஆகஸ்ட் தேதி. யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினாய் என்று தெசிஸ்லாவ் அழுதான். ஆகஸ்டுக்குப் பிறகும் ஒரு ஞாயிறு விடாமல் கூப்பிட்டாயே, எப்படியிருக்கே என்று நான் கேட்டதும் "நல்லா இருக்கேம்மா" என்றாயே. சலவையறையில் அந்தப் பெண்ணை வைதவள், உன்னிடம் மட்டும் ஏன் இன்னொரு கேள்வி கேட்காமல் விட்டேன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, கண்ணு?