அம்மா பார்க்காமல் போன காட்சி

அப்பாவின் தங்கம் ஜெரோமுக்கு,

வருகிற சனிக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். மாலைப் பூசைக்குப் பெயர் கொடுத்தாயிற்று, பூவுக்கும் சொல்லியாயிற்று. வருகிறவர்களுக்கு வடை கொடுப்பதா கேக் கொடுப்பதா என்று உன் அம்மா இரண்டு நாள் யோசித்து வடை என்று முடிவு செய்திருக்கிறாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. எனக்கு மட்டும் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் சுரேன். உன்னோடு ஏழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன். ஆனால் உன் அம்மாவுக்கு அவன் உன் ஹவுஸ்மேட், அவ்வளவுதான். உன் அடக்கத்தன்று கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், கூரைக் காற்றாடிக்குக் கீழே தனியாக நின்றான். போன மாதம் என்னைத் தேடி வந்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"அங்கிள், இந்தத் தடவ நான் முன்னாடி, உங்க குடும்பத்தோட உக்காரலாமா?"

சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் முன் வரிசையில் உட்கார வேண்டுமானால், அவன் உனக்கு யார் என்று உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன். இயந்திரத்துக்கும் வாய் கிடையாது, உங்களுக்கும் கிடையாது என்று உன் அம்மா சொல்வாள். அதனால் இந்த விஷயத்திலும் உன்னையே காப்பியடிக்கலாம் என்று நினைத்தேன்.

நீ என்னிடம் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து இருவரும் தீவுக்குப் பெர்ரிக் கப்பலில் வந்துகொண்டிருந்தோம். பையிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினாய். முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு வீரன் தன் நண்பர்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் முதலில் பார்த்தது அவனுடைய இறுக்கமான உடையைத்தான். "அந்தப் பேச்சு பலூன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்கப்பா" என்றாய். தான் ஒரு கே, ஆணைக் காதலிக்கிறவன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "நானும் அப்படித்தான்ப்பா" என்றாய். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு நீயேதான் பேசினாய். சின்ன வயதிலிருந்து படித்த அத்தனை புத்தகங்களிலும் உன்னைப் போல ஒருவனைத் தேடினாயாம். இருந்தால் வில்லனாக இருப்பானாம். நல்லவனாக இருந்தால் இருபதாம் பக்கத்தில் செத்துப்போவானாம். சாகாதவன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்க மாட்டானாம். "உலகத்தையே காப்பாத்துவான்ப்பா, ஆனா வீட்ல சொல்லப் பயப்படுவான்" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் தொலைபேசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. புதிதாக வருகிற ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் கடலையே தடுத்து நிறுத்துகிற ஒருவன் இருக்கிறானாம், அவனுக்குப் புருஷன் இருக்கிறானாம், போருக்குக் கிளம்பும் முன்னால் வாசலில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவானாம். எனக்கு உடனே புத்தி வேலை செய்தது. அம்மாவை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போவது. அந்தக் காட்சி முடிந்ததும் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, நம் ஜெரோமும் அப்படித்தான் என்று சொல்லிவிடுவது. நீ எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாய், நான் அவளுக்கு ஒரு படத்தைக் காட்டுகிறேன். கஷ்டமான பாதியை அந்தக் கடல்காரன் பார்த்துக்கொள்வான்.

உன் அம்மா தியேட்டருக்குப் போய் எத்தனை வருடம் இருக்கும்? குளிருக்குச் சால்வை, பையில் வறுத்த கச்சான் கடலை, கண்ணாடி துடைக்கத் துணி, எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவனும் யார், யாருக்கு என்ன சக்தி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தக் காட்சி வந்துவிடுமே என்று பயம். அவள் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? அங்கேயே அழுதால்? பெர்ரியில் நீ என்னைப் பார்த்தபோதும் உனக்கு இப்படித்தான் இருந்திருக்குமா?

கடல்காரன் தன் வீட்டுப் படிகளில் ஏறினான். கதவைத் திறந்தான். நான் அவள் பக்கம் சாயத் தயாரானேன். அடுத்த நொடி அவன் கடற்கரையில் நிற்கிறான். பாட்டுச் சத்தம்கூட நடுவில் அறுந்து வேறெங்கோ தொடங்கியது. முன் வரிசையில் இருந்த இளைஞர்கள் சலித்துக்கொண்டார்கள். "கட் பண்ணிட்டான்லா" என்றான் ஒருவன்.

அம்மா என் தோளைத் தொட்டாள். "கதவத் தொறந்தான்ல. உள்ள யாரு இருந்தா?"

"தெரியல" என்றேன்.

இங்கே சென்சாரில் அதையெல்லாம் வெட்டித்தான் போடுவார்கள் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிறகு சுரேனிடம் சொன்னபோது, பாவம், சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தான். வெட்டினாலும் கதை கெடாதபடி ரெண்டே செகண்டுக்குத்தான் எடுப்பார்களாம். எந்த ஊருக்கு வேண்டாமோ அந்த ஊரில் வெட்டிவிடலாமாம். "எங்களுக்குப் பழகிப்போச்சு அங்கிள்" என்றான். இதற்கெல்லாமா பழகுவது?

படம் முடிந்து கொம்தார் பஸ் நிலையத்தில் நின்றோம். உன் அம்மா விடவில்லை. "படம் முழுக்க மோதிரத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தான். பொண்டாட்டிய ஒரு தடவகூடக் காட்டலையே" என்றாள்.

இனி எந்த வீரனும் வரப்போவதில்லை என்று புரிந்தது. "பொண்டாட்டி இல்ல, ரெஜினா. புருஷன். அதத்தான் வெட்டிட்டாங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "நம்ம ஜெரோமும் அப்படித்தான். சுரேன் வெறும் ஹவுஸ்மேட் இல்ல."

எங்கள் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அது போனது. அடுத்ததில் ஏறி எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இறங்கும் சுங்கை பினாங் வரும்வரை சன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஒங்ககிட்ட எப்ப சொன்னான்?" மூன்று வருடம் ஆயிற்று என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன, அவன வெளிய போடான்னா சொல்லியிருப்பேன்?"

அதற்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன், ஜெரோம்.

எனக்கா தெரியாது? பெர்ரி கரையைத் தொடும் முன்னாலேயே அம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்றாய். "வேணாம்டா, அவ தாங்க மாட்டா" என்று நான்தான் தடுத்தேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் காலையில் அவள் உனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாய். இல்லை என்று தலையாட்டினேன். மருத்துவமனையில் கடைசியாகக் கேட்டாய். "இப்பவாச்சும் சொல்லட்டுமாப்பா?" முதலில் குணமாகி வீட்டுக்கு வா, பிறகு பார்க்கலாம் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அந்தக் காட்சியை வெட்டியவனைத் தியேட்டரில் உட்கார்ந்து மனதுக்குள் அப்படித் திட்டினேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் தாங்க மாட்டாள் என்றது பொய். தாங்க முடியாதவன் நான்தான். இரண்டு பேர் முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது உன் அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? உன் காமிக்ஸ் பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாசிக்கிறாள். சமையல் பாதியில் நிற்கிறது. "இதுல நம்ம ஜெரோம் மாதிரி யாரு?" என்று கேட்கிறாள். நான் சுரேனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பழைய புத்தகங்களில் நேராக இருக்காது ஆன்ட்டி, ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான், புதியவற்றில் தேடிப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முக்கால் மணி நேரம் பேசினார்கள். வைக்கும்போது அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "சனிக்கிழமை வாப்பா. எங்கிட்ட உக்காரு."

அப்படியானால் நான் நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "பெத்தவமேல அவனுக்கு நம்பிக்க இல்லாமப் போயிருச்சே." அதைச் சொல்லி உன் புத்தகத்தின் மேலேயே அழுதாள். ஈரம் பட்ட பக்கத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாவத்தை உன் தலையில் கட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள். மன்னிப்பாளா? முன் வரிசையில் சுரேனுக்கு இடம் கிடைத்துவிட்டது, இனி எனக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று சற்று முன்வரை யோசித்தேன். படத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தவன் கடிதத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வேண்டாம். அவள் கூடத்தில்தான் இருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, "அவன் மூணு தடவ ஒங்கிட்ட சொல்ல ஆசப்பட்டான், மூணு தடவையும் நான்தான் வாய அடச்சேன்" என்று என் வாயால் சொல்லப்போகிறேன்.

சுரேனுக்குத் தெரிந்தவர் ஒருவர் இணைய இதழ் நடத்துகிறார், உன் நினைவு நாளுக்கு நான் உனக்கு எழுதும் கடிதத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவளிடம் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன்னையும் என்னையும் தவிர வேறு யாராவது இந்த வரியைப் படிக்கிறார்கள் என்றால், நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இன்னமும் உன் அம்மாவின் புருஷனாக இருப்பேன் என்ற நம்பிக்கையோடு,
உன் அப்பா
ஞானப்பிரகாசம்