திரையில் தெரியும் இருபத்து நான்கு

டரெல்,

மீட்லோஃப் ஓவனில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நானும் பெத்தும் கடைக்குப் போகிறோம். டர்போ காரின் சாவி மேசைமேல். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார்க்கடை ஹோவி நான்கு மணிக்கு அதைத் திரும்ப வாங்க வருவார். இன்று கொடுக்காதே.

நேற்று, டர்போதான் வேண்டும் என்று அடம்பிடித்த நீ, "எது மைலேஜ் அதிகமோ அதையே வாங்கிடலாம், அப்புறம் நான் வாயே தெறக்கமாட்டேன்" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாய். போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது, நான் கேட்கும் ஹைபிரிட் கேலனுக்கு நாற்பத்தாறு மைல் ஓடியது. இந்த டர்போவின் திரை இன்றைய ஓட்டத்துக்கு இருபத்து நான்கு என்று காட்டும். பார்த்ததும் உன் முகம் தொங்கிப்போகும்.

அது காரின் குற்றமில்லை. காலையில் பெத்தை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்னால் ஒரு லாரி நெருங்கியதால் வேகத்தைக் கூட்டினேன். கார் பாய்ந்தது பார்! பின்சீட்டிலிருந்து பெத், "அம்மா, இன்னொரு தடவைம்மா!" என்று கத்தினாள். அடுத்த வழியில் இறங்கித் திரும்பி வந்து மறுபடி ஏறினேன். மொத்தம் ஐந்து முறை. வகுப்புக்குத் தாமதம்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். மனசு கேட்கவில்லை. காரைத் திங்கள்வரை வைத்துக்கொள்ளலாமா என்று ஹோவியிடம் கேள். நீ ஒழுங்காக ஓட்டி அளந்து பார்.

காலீன்

பி.கு.: எப்படி ஓட்டினாலும் முப்பத்திரண்டைத் தாண்டாது. ஹைபிரிட்தான் என்று இன்னமும் சொல்கிறேன். ஆனால் திருப்பிக் கொடுக்குமுன் ஒரே ஒரு தடவை சாவியை என்னிடம் கொடு.