இரண்டாவது பேஸுக்கு நாற்பத்தாறு ஓட்டு

1974 ஜூன் 18, செவ்வாய்

ஐம்பத்திரண்டு வயதில், சலூன் கதவைச் சாத்திக்கொண்டு, முடி வெட்டும் கத்தரிக்கோலால் நாற்பத்தாறு ஓட்டுச்சீட்டுகளை வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டாவது பேஸ் என்ற இடத்தில், இடது கையால், ஒரே பெயர்: டுவேன் க்ளிங்பைல். எழுதும்போதே காது சூடாகிறது.

எட்டு ஊர் பேஸ்பால் அணிகளிலிருந்து ஒரு நட்சத்திர அணி. பக்கத்து மாவட்டத்தோடு ஆட்டம். யார் யார் ஆடுவது என்று வாரப் பத்திரிகையில் வரும் சீட்டை வெட்டித் தபாலில் அனுப்பி ஊர்தான் முடிவு செய்யும். அந்தப் பத்திரிகையில் நான் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். விற்காத பிரதிகள் என் கடையில்தான் குவியும். வேறென்ன நடக்கும்?

இரண்டாவது பேஸைக் காக்கும் இடம் டெர்ரலுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். மனைவி வெர்லாவின் அக்கா மகன், இருபத்துநாலு வயது, மட்டையைத் தொட்டாலே பந்து சோளக்காட்டில். என் சிநேகிதன், பக்கத்து வீட்டு டுவேனுக்கு நாற்பத்துமூன்று, இந்தக் கோடையில் முப்பத்தெட்டு தடவை மட்டை பிடித்து நான்கு முறை அடித்திருக்கிறான். ஆட்டத்துக்கு ஆட்டம் முதல் ஆளாக வந்து சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவன்தான். வாக்கு எண்ணிக்கையை அச்சில் போடுவார்கள். போன வருடம் அவன் பெயருக்கு நேரே ‘இரண்டு’. இந்த முறை ஒரு பத்தாவது இருக்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை.

ஒரே உறையில் திணித்து, ஒரு தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டாயிற்று.

ஜூன் 26, புதன்

டுவேன் 61. டெர்ரல் 48.

கடவுளே.

நாற்பத்தாறு என்னுடையது. மிச்சம் பதினைந்தும் அவன் சொந்தக்காரர்களாக இருக்கும். வெர்லா தொலைபேசியில் அக்காவிடம் கத்துகிறாள்: “கண்ணு தெரியாத கழுதைங்க! எவன் போட்டான்னு மட்டும் தெரியட்டும், அவன் கைய ஒடிக்கிறேன்!” இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள்: “யாருய்யா பாத்த வேல இது?” கேட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மேல் சந்தேகம் என்றால் நேரே சொல்ல வேண்டியதுதானே?

மத்தியானம் டுவேனே வந்தான். தலையில் இருப்பது எண்ணி இருபது முடி.

“அழகா வெட்டுடா. போட்டோ எடுப்பாங்களாம்.”

“எந்த முடிய?”

சிரித்தான். அப்புறம் மெதுவாக, “மில்ட், நெசமாவே எனக்கா போட்டாங்க?”

சூடான ஈரத்துண்டை எடுத்து அவன் முகத்தை மூடினேன். அவன் சவரத்துக்கு வரவில்லை.

ஜூலை 4

சுதந்திர தினம், ஊரெல்லாம் பட்டாசு. டுவேன் தன் கொட்டகைச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறான். டப். டப். ஒவ்வொன்றும் என் நெஞ்சில். ஆயிரம் பேர் முன்னால் இவன் மானம் போகப் போகிறது, என்னால்.

ஜூலை 7, ஞாயிறு

ஆட்ட நாள். காலையில் மைதானத்துக்கு ஓடினேன். நட்சத்திர ஆட்டக்காரர் சுத்தமான சீருடையில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்!

சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு, இடது கை, எல்லாவற்றையும்.

அவன் வண்டியை நிறுத்தவில்லை. கோட்டை மூன்றாவது பேஸ் வரை இழுத்து முடித்தான். பிறகு, “இதச் சொல்ல ஒனக்கு இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுதா?”

“வயித்து வலின்னு சொல்லிடு. டெர்ரல் ஆடட்டும்.”

“போடா. என் பொண்டாட்டி ஊர் முழுக்க ரூபார்ப் தண்டு போட்ட பை பலகாரம் சுட்டுக் குடுத்துட்டா. ஆடித்தான் ஆகணும்.”

ஆடினான். ஒரு பந்து காலுக்கு நடுவே போயிற்று. மட்டை பிடித்த இரண்டு முறையும் காற்றைத்தான் அடித்தான். எதிர்ப்பக்கம் ஒருவன், “யோவ், தாத்தாவுக்கு நாற்காலி போடுங்கய்யா!” என்றான். நான் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டேன்.

கடைசிச் சுற்று. ஒரே ஓட்டம் எங்களுக்குக் கூடுதல். எதிரணிக்கு இன்னும் ஒரு ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டாவது பேஸில் அவர்களுடைய ஓட்டக்காரன், மட்டையோடு வந்தவன் மாட்டுக் கொட்டகை அளவு ஆள். டுவேன் பந்து எறிபவனிடம் போனான், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல் முதுகைத் தட்டினான், தன் இடத்துக்குத் திரும்பினான். எறிபவன் தான் நின்று எறியும் மேட்டில் ஏறாமல் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். ஓட்டக்காரன் பேஸை விட்டு ஒரு அடி, இரண்டு அடி, நான்கு அடி.

“தம்பி, இத எங்கயாவது பாத்தியா?” என்றான் டுவேன். கையுறையைத் திறந்தான். உள்ளே, எறிபவனிடம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்த பந்து. பேஸை விட்டு விலகி நின்றவன் விலாவில் அந்தப் பந்தால் ஒரு தட்டு.

அவுட்!

எங்கள் ஊர் முழுக்க மைதானத்துக்குள். முதலில் ஓடிவந்து தூக்கியது டெர்ரல். கூட்டத்துக்கு மேலே இருந்து டுவேன் என்னைப் பார்த்துக் கத்தினான்: “என்னடா, நாப்பத்தாறுக்கு வேல பாத்துட்டனா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பெருமை வந்தது, ஒளிப்பானேன். இந்த நட்சத்திரத்தை உண்டாக்கியவன் நான்.

ஜூலை 10, புதன்

விடுமுறை முடிந்து வந்த தபால்காரம்மா ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். “மில்ட், இவ்ளோ கனத்துக்கு ஒரே ஒரு தபால்தல போதுமா? நான் லீவுல போனதிலேர்ந்து பத்திரிகைக்குப் போகாம என் மேசையிலயே கெடந்துருக்கு.”

“என்னுதுன்னு எப்படித் தெரியும்?”

உறையைத் திருப்பிக் காட்டினாள். பின்புறம் என் சலூன் பெயர், முகவரி, அழகாக அச்சடித்திருந்தது.

பிரிக்காமலே டுவேனிடம் எடுத்துப்போனேன். அவன் கிழித்து, கட்டை விரலை நாக்கில் தொட்டு எண்ணினான். நாற்பத்தாறும் இருந்தன. திரும்ப எண்ணினான். அவன் முகத்தை இங்கே எழுத மாட்டேன்.

“அப்போ அந்த அறுவத்தொண்ணு யாருடா?”

வீட்டுக்கு வந்து வெர்லாவிடம் அதையே கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

“நான் அவனுக்கு மூணு போட்டேன். அக்காகிட்ட சொல்லித் தொலைக்காத.”