காற்றாடியைக் குறைத்தவன்

என் வீட்டு இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

வாயால் சொன்னால் வழக்கம்போல் இளித்துத் தொலைப்பேன். அதனால் தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, என் கோழிக் கிறுக்கலில் எழுதுகிறேன். உன் தம்பி பிரிட்டோ பிழைத்துக்கொள்வான். ஒரு கண்தான் சந்தேகமாம்.

காலையில் மதுராந்தகம் பக்கம் என் மெஷின் வெட்டிய கரும்பில் ஆலையின் சோதனைக்காக அவன் ஒரு கூடை அள்ளி, சோகையை, அதான் காய்ந்த இலையை, பிரித்து எடை போட்டான்.

"இன்னா மாமா, இத்தினி குப்பை கீது? லோடு ஆலைக்குப் போவாது."

"உங்க அக்காவ என் தலையில கட்டறப்ப இந்தக் கூடை எங்கடா போச்சு?" என்றேன். அவனும் சிரித்தான்.

நிலத்துக்காரரின் ஆட்கள் சிரிக்கவில்லை. "எங்க கரும்பக் குப்பைன்றியா?" என்று நின்ற கரும்பை முறித்து அடித்தார்கள். அது உடைய உடைய வேறு முறித்தார்கள். விழுந்தவனின் முகத்தில் ஒருவன் ஏறி மிதித்தான்.

டீசல் மிச்சம் பிடிக்க, சோகையை ஊதித் தள்ளும் காற்றாடியின் வேகத்தைக் குறைத்து வைத்தவன் நான்தான். அதைச் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். கேபினிலிருந்து இறங்க நாலே படி. நான் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் அலறல் கேட்காதபடி இன்ஜின் வேகத்தைக் கூட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டோடு விழித்தவன் என் கையைத் தடவிப் பார்த்தான். "உனுக்கு ஒண்ணும் அடி படலியே, மாமா?"

வாசலுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரும்பாக்கத்திலிருந்து நீ வந்ததும் இதைக் கையில் கொடுப்பேன். அவனுக்கு நீயே படித்துக் காட்டு.

உன் ஓட்டைவாயன்