கூவுகிற வரைக்கும் எல்லாம் கோழிதான்

மாப்ள,

இன்று காலை உன் வீட்டுக் கொல்லையில் என் கணுக்காலில் ஒரு கொத்து விழுந்தது. தவிடு பிசைந்த சட்டியை நான் இன்னும் கீழேகூட வைக்கவில்லை. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்த அந்தச் சிவப்புக் குஞ்சு, செருப்புக்கு மேலே தோல் தெரிகிற இடமாகப் பார்த்துக் கொத்திவிட்டது. ரத்தம் வந்துவிட்டது. தங்கச்சி, அதுதான் உன் பெண்டாட்டி, மஞ்சள்தூளோடு ஓடிவந்தாள்.

"பாத்தீங்களாண்ணே, நான் அன்னைக்கே சொல்லல? இது சேவலேதான்."

எனக்கு வலியை விட உன் ஞாபகம்தான் முதலில் வந்தது. இதன் தாய் உன்னைக் கொத்தியபோது நீயும் இதையேதானே சொன்னாய்.

நீ தண்ணீருக்குப் போர் போட்ட நாள் அது. துளை போடுகிற லாரி காதைப் பிளக்கிறது. குழிக்குள்ளிருந்து வெள்ளைப் புழுதிதான் வருகிறதே தவிர ஈரத்தைக் காணோம். நம் பக்கத்துப் பாறையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் துளை போட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்கள். நீ தலை முதல் கால்வரை மாவு பூசியவன் மாதிரி நின்றுகொண்டிருந்தாய். அந்த நேரம் பார்த்து ஒரு குஞ்சு வந்து உன் பெருவிரலைக் கொத்தியது. நீ அதைக் கையால் காட்டிக் கத்தினாய்: "கருப்பா, தண்ணியக் கண்ணுல காட்டு. இந்தா, இந்தச் சேவல் ஒனக்குத்தான்!"

கொஞ்ச நேரத்தில் சேறும் தண்ணீருமாக மேலே அடித்தது. நீ நனைந்துகொண்டே ஆடினாய். மறுநாள் அந்தக் குஞ்சின் காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டாய்.

'ஒரு சேவல் தருகிறேன்' என்று பொதுவாக நேர்ந்துகொண்டிருந்தால் சந்தையில் வாங்கிக்கூடக் கொடுத்திருக்கலாம். விரல் நீட்டி 'இது' என்று காட்டிவிட்டால் அது சாமியுடையது. விற்கக் கூடாது, அடித்துச் சாப்பிடக் கூடாது, வேறொன்றை மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கருப்பருக்குப் பெட்டையும் ஆகாது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனாலும் விரலை நீட்டிவிட்டாய்.

"அது சேவல்னு ஒனக்கு எப்படித் தெரியும் மாப்ள?" என்று கேட்டேன்.

"கொத்துற கொத்துலயே தெரியலையா மச்சான்? பெட்டைக்கு ஏது இம்புட்டுத் திமிரு?"

அடுப்படியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "ஏன், பெட்டைக்குத் திமிரு இருக்கக் கூடாதாக்கும்?"

நீ தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவினாய். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. வேலையை விட்டு வந்த பிறகு எதையும் உற்றுப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததே அந்தக் கொல்லையில்தான். இலுப்பூர் பஸ்ஸில் நீ டிரைவர், நான் கண்டக்டர். நான் 'ரைட், போலாம்' என்று குரல் கொடுக்காமல் நீ ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அந்த அனுபவத்தில்தான் உன்னிடம் சொன்னேன்: "பஸ்ல சத்தம் போடுறவன் கையில டிக்கெட் இருக்கும் மாப்ள. ஜன்னலப் பாத்துக்கிட்டுக் கம்முனு ஒக்காந்திருக்கான் பாரு, அவன்கிட்டதான் கேக்கணும்."

"கோழிக்கு ஏது மச்சான் டிக்கெட்?" என்று சிரித்தாய்.

கோழி ஒருநாள் டிக்கெட்டைக் காட்டியது. கொல்லையில் கிடந்த பழைய பஸ் டயருக்குள் உட்கார்ந்து முட்டை இட்டுவிட்டு, ஊர் கேட்கக் கொக்கரித்தது. மஞ்சள் துணி காலில் அப்படியே இருந்தது. நீ அந்த வெதுவெதுப்பான முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த விழியை என்னால் மறக்க முடியாது. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "கூவுற வரைக்கும் எல்லாம் கோழிதான் மச்சான்" என்று ஒரு தத்துவத்தை எடுத்து விட்டாய்.

பூசாரிதான் வழி சொன்னார். "காட்டுனது காட்டுனதுதான். மாத்த முடியாது. அதுவே ஒரு சேவலப் பெத்துக் குடுக்கட்டும்." அதை அடை வைத்தாய். பஞ்சாரக் கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அதனிடம் கொத்து வாங்கினாய். குஞ்சு பொரித்தது. அவை தாயின் பின்னால் திரிந்துகொண்டிருந்தபோதே நீ போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

பருந்தும் கீரியும் போக மிஞ்சியது இரண்டு. சிவப்பு ஒன்று, எல்லோரையும் விரட்டுகிறது. சாம்பல் ஒன்று, நிழலைக் கண்டாலும் ஒதுங்குகிறது. கருப்பர் கோயில் திருவிழா நெருங்குகிறது. தங்கச்சிக்கு உறக்கம் இல்லை. "அவரு வேண்டுதல் நிக்குதுண்ணே. அது முடியாம அவரு எங்கிட்டுப் போவாரு? செவப்பத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்கிறாள். மறுபடியும் தப்பாகக் காட்டிவிட்டால் பாவம் அவள் தாங்கமாட்டாள். ஆகவே தினமும் காலையில் தவிட்டுச் சட்டியோடு நான் அங்கே போய்விடுகிறேன்.

எவ்வளவு இருக்கிறது பார்ப்பதற்கு! சிவப்புக்குக் கொண்டை இன்னும் சின்னதாக, வெளுத்துக் கிடக்கிறது. கழுத்து இறகின் நுனி உருண்டை. சாம்பலுக்குக் கொண்டை தடித்துச் சிவந்துவருகிறது, தாடி தொங்குகிறது. கால் பருமன், கழுத்திலும் இடுப்பிலும் புதிதாக முளைக்கும் இறகு கூராக மினுங்குகிறது. அடையாளம் எல்லாம் பயந்தாங்கொள்ளியிடம்தான் இருந்தது. தங்கச்சி நம்பவில்லை. "இதுவா? இது எறும்பப் பாத்தே ஓடுதேண்ணே!" நான் உன் தத்துவத்தையே திருப்பிச் சொன்னேன். கூவட்டும், அதுவரைக்கும் பொறு என்றேன்.

இன்று அவள் என் கணுக்காலில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். பேட்டரி இறங்கிய ஹாரன் மாதிரி, பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. திரும்பினோம். உன் பழைய டயர்மேல் சாம்பல் ஏறி நின்றது. தன் சத்தத்துக்குத் தானே பயந்து சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி இன்னொரு தடவை கூவியது.

தங்கச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். என் காலருகே நின்ற சிவப்பைத் தடவி, "அப்ப நீ எங்கூடயே இருடி. அவரு கோவம் அப்படியே ஒனக்கு" என்றாள். அது அவளையும் கொத்தியது.

வெள்ளிக்கிழமை சாம்பலின் காலில் மஞ்சள் துணி கட்டிக் கருப்பர் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். உன் சொல் தீர்ந்துவிடும். உன்னை இங்கே பிடித்துவைக்க இனி ஒன்றும் இல்லை. என் தொண்டை வரைக்கும் அந்தப் பழைய வார்த்தை வந்துவிட்டது மாப்ள. நான் குரல் கொடுத்தால் நீ வண்டியை எடுத்துவிடுவாய். அதனால் இன்னும் சொல்லவில்லை.