அந்தோணி எழுதிய ஐந்து ஃபங்ஷன்

என் அருமை அந்தோணி,

எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பித்துப் பழகிய கை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்கு வேலையைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயந்துகொண்டிருந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முகப்பேர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்கும் உடம்பெல்லாம் அசதி. படுத்தால் தூக்கம் வருவதில்லை.

நம் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது. கீழே லேத் பட்டறையில் அதே சத்தம். உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை; அதன்மேல் பிரின்டரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். முதலாளி சாருக்கு முடி கொட்டிவிட்டது. எனக்கும்தான்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்லப் போகிறேன். நடுவில் ஒரு பகுதி உனக்குத் தெரியாது.

தமிழில் டைப் செய்ய நாம் திரைக்குள் ஒரு பெட்டி செய்தோம். பில் போடுகிற புரோகிராமோ, லைப்ரரி புரோகிராமோ, எதற்குள் வேண்டுமானாலும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். திரையில் காட்டுகிற வேலை என்னுடையது. அடித்த எழுத்துகளை மெமரியில் பத்திரமாக வைத்திருக்கிற ஸ்டோரேஜ் வேலை உன்னுடையது. இரண்டும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதில்தான் நமக்கு ஒரு மாதம் சண்டை.

உன் மெமரியில் நேராகக் கை வைக்க நான் அனுமதி கேட்டேன். நீ தரவில்லை. கூப்பிட்டால் ஒரு வேலை மட்டும் செய்து தருகிற ஐந்தே ஐந்து ஃபங்ஷன் தந்தாய். எழுத்தைச் சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று, எடுத்துக் கொடுக்க ஒன்று, மொத்தம் எத்தனை என்று சொல்ல ஒன்று. எங்கே மாறியது என்று திரைக்குத் தெரிவிக்க ஐந்தாவது. ஆறாவது கேட்டு நான் எத்தனை தடவை வந்திருப்பேன்?

அதிலும் நீ எண்ணியது எழுத்தை. மெஷினில் ‘கொ’ மூன்று துண்டாக, மூன்று நம்பராக இருக்கும். அந்த மூன்றையும் என்னிடம் கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“படிக்கறவனுக்கு ‘கொ’ ஒரே எழுத்து மச்சான். அது உள்ள மூணு துண்டா கீதுன்னா, அது என் தலைவலி. உனுக்கு எதுக்கு அது?” என்றாய்.

கர்சர் நிற்கிற இடத்தில் மெமரியில் கொஞ்சம் காலி இடம் விட்டு வைத்திருந்தாய். அடிக்கிற எழுத்து அதில் போய் விழும். அந்த இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இருக்கிற அத்தனையையும் தள்ள வேண்டும். ரேஷன் கடை கியூவின் நடுவில் கொஞ்சம் கேப் விட்டு வைத்தால் புதிதாக வருகிறவன் புகுந்துகொள்வான், பின்னால் நிற்கிறவன் ஏன் நகர வேண்டும் என்று சாருக்கே விளக்கினாய். அவருக்கும் புரிந்தது.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் நீ நூம்பல் வீட்டில் படுத்திருந்தாய்.

பூந்தமல்லியில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த தேவகி அம்மாவுக்கு அந்த மாதமே நம் பெட்டியைக் கொடுத்தாக வேண்டும் என்று சார் ஒத்துக்கொண்டிருந்தார். பக்கம் அதிகமானால் அடிக்கிற எழுத்து திரைக்கு வரத் தாமதமானது. என் பின்னால் வந்து வந்து நின்றார் சார். அப்பா ரிடையராகி, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய மாதம் அது. என் சம்பளத்தை நம்பித்தான் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன் ஃபைலைத் திறந்து பார்த்தேன். உன் ஐந்து ஃபங்ஷனையும் சுற்றிக்கொண்டு, திரையிலிருந்து நேராக உன் காலி இடத்தில் எழுதுகிற மாதிரி என் பக்கத்துப் புரோகிராமில் எட்டு வரி சேர்த்தேன். எழுத்து பறந்து வந்தது. சார் தோளில் தட்டிக்கொடுத்தார்.

காலி இடம் எப்போதும் கர்சர் பக்கத்திலேயே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நீ எங்கேயும் சொல்லவில்லை. தேவை வரும்போதுதான் அது நகரும். நகர்த்துவது உன் ஃபங்ஷனின் வேலை. அதைத்தான் நான் சுற்றிக்கொண்டு போயிருந்தேன்.

தேவகி அம்மா ஒரு காலேஜ் வாத்தியாரின் ஆராய்ச்சிக் கட்டுரையை அடித்துக்கொண்டிருந்தார். மேலே போய் ஒரு வரியைத் திருத்தியிருக்கிறார். பிறகு கீழே வந்து அடித்ததெல்லாம், ஏற்கெனவே அங்கே இருந்த எழுத்துகள்மேலேயே விழுந்திருக்கிறது. பல பக்கம் நாசம். பஸ் பிடித்துப் பிரின்ட் அவுட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை. “முழுசா மறுபடி அடிக்கணுமா தம்பி? எனக்குக் கண்ணு வேற சரியா தெரிய மாட்டேங்குது” என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதும் சார் என்னைப் பார்த்துக் கேட்டார். “ஸ்டோரேஜ் அந்தோணி எழுதினதுதானே?”

“ஆமா சார்” என்றேன்.

அந்தோணி, அது பொய்கூட இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

கண்ணில் மஞ்சள் போகாமலே நீ திரும்பி வந்தாய். எண்ணெய் இல்லாத சோற்றை டப்பாவில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீ எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தாய். என் பக்கத்துப் புரோகிராமைத் திறந்து பார்க்க உனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது வாரம் நீ டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த எட்டு வரியையும் எடுத்துவிட்டேன். மெதுவாக இருந்தாலும் எல்லாம் சரியாக ஓடியது. நீ சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பயந்துபோனாய்.

“தானா போன தப்பு தானா திரும்பி வரும் மச்சான்” என்றாய். இன்னும் ஒரு வாரம் தேடினாய். கடைசியில் ஃபைலின் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதினாய். ‘பிழை போய்விட்டது. காரணம் தெரியவில்லை. இந்தப் பகுதியை நம்ப வேண்டாம்.’

அதற்கப்புறம் நீ புதிதாக எதுவும் எழுதவில்லை. பெரிய கம்பெனி ஒன்றில் கூப்பிட்டார்களே, போகவில்லை. நாம் எழுதியதில் நமக்கே நம்பிக்கையில்லாமல் இன்னொருவனிடம் போய் என்ன சொல்லி நிற்பது என்றாய். ஃப்ளாப்பிப் பையை மாட்டிக்கொண்டு கடை கடையாகப் போய் ரிப்பேர் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றபோது உனக்கு நெஞ்சு வலித்ததும் அந்தப் பையோடுதான்.

சொல்ல எனக்கு நாலு வருஷம் இருந்தது. தினமும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்?

போன மாதம் புது ஃபான்ட் வந்தது. எழுத்துகளுக்கெல்லாம் வேறு நம்பர். ஆறு மாத வேலை என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் ஃபைலைத் திறந்தேன். உள்ளே இருந்த நம்பர் பட்டியலையும் அதைச் சேர்ந்த கொஞ்சத்தையும் மாற்றினேன். இரண்டு நாள். என் திரைப் பக்கத்தில் ஒரு வரி தொடவில்லை. ‘கொ’ எத்தனை துண்டு என்று என் பக்கத்துக்குத் தெரியவே தெரியாதே. நான் சண்டை போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

உன் குறிப்புக்குக் கீழே காரணத்தை எழுதினேன். என் பெயரையும் போட்டேன். ஆனால் அந்த ஃபைலை என்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள்?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நூம்பலுக்குப் போய் உன் வீட்டுக்காரி ரோசியிடம் சொன்னேன். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிலும் புதுசாகப் பத்து வீடு வந்துவிட்டது, அடையாளமே தெரியவில்லை. கம்ப்யூட்டர் சங்கதி அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். கடைசிவரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“திரும்பி வேலைக்குப் போன அந்த மூணு வாரமும் வூட்ல சோத்துல கை வெக்கல அவரு. எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு பேப்பர்ல எழுதிக்கினே இருந்தாரு. இத்த என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? அவராண்ட சொல்லியிருக்கணும்.”

மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே அது வாயைவிட்டு வரவில்லை.

அவளே கேட்டாள். “அப்ப அவர் எழுதினதுல தப்பே இல்லியா?”

“ஒரு தப்பும் இல்லம்மா.”

“இத்த ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“அங்க சொல்லுங்க மொதல்ல” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

நாளைக்கு மீட்டிங். புது மெஷின்களுக்காக எல்லாவற்றையும் திருப்பி எழுதப் போகிறோம். உன் பகுதியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் சார். அந்தோணி போர்ஷனில் என்னவோ ஒரு கோளாறு உண்டு என்று, உன்னைப் பார்த்தே இராத புதுப் பையன்கள்கூட ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள்.

எல்லோரும் இருக்கும்போதே சொல்லப் போகிறேன். எட்டு வரி என்னுடையது என்றும், ‘ஆமா சார்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டவன் நான் என்றும். உன் ஐந்து ஃபங்ஷனும் அப்படியே இருக்க வேண்டும், உன் பெயரோடு இருக்க வேண்டும் என்றும் கேட்பேன். சார் என்னை அனுப்பிவிட்டாலும் சரி, சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அங்கிருந்து நேராகப் பூந்தமல்லி பஸ் ஏறி தேவகி அம்மாவிடம் போய், அந்தப் பக்கங்களைக் கெடுத்தது யார் என்று சொல்வேன். அவர் கடையைத் திறக்கிறாரா, கண் தெரிகிறதா, ஒன்றும் தெரியாது. போய்ப் பார்க்கிறேன்.

நீ கேட்க இல்லாதபோது சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும் அந்தோணி. ஆனாலும் நாளைக்குச் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மச்சான்,
குமரேசன்